காப்பகத்தில் யாரைப் பார்க்க வேண்டும்? கேள்வி பதில்

குழந்தைகள் காப்பகங்களில் வேலை செய்பவர்களுக்குப் பல வருடங்களாகப் பயிற்சி கொடுத்து வருகிறேன். டே கேர் தேடுகிறவர்கள் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். கட்டணம் பற்றி மட்டும் கேட்க வேண்டாம், அது இடத்துக்கு இடம் மாறும்.

கேள்வி: அக்கா, மகளுக்கு ஏழு மாதம். சீக்கிரம் வேலைக்குத் திரும்பணும். பார்த்த டே கேர் எல்லாமே சுத்தமாக, அழகாகத்தான் இருக்கின்றன. எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: சுவரில் ஒட்டிய படங்களை விடுங்கள். மகளை யார் கையில் கொடுக்கப் போகிறீர்களோ அந்த ஒருவரைப் பாருங்கள். இடத்தைச் சுற்றிக் காட்டிய மேலாளரா டயபர் மாற்றப் போகிறார்? கைக்குழந்தைகள் அறையில் இருப்பவர் எவ்வளவு காலமாக இருக்கிறார், முன்பு இருந்தவர் ஏன் போனார் என்று கேளுங்கள். இந்த வயதுக் குழந்தை ஒரு முகத்தைப் பிடித்துக்கொண்டுதான் புது இடத்தில் ஒட்டும். அடிக்கடி ஆள் மாறும் இடம் வேண்டவே வேண்டாம்.

அப்புறம், பார்க்கப் போவதைக் காலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். சாயங்காலம், பெற்றோர் வந்து கூட்டிப்போகும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய் ஓரமாக உட்காருங்கள். பிள்ளைகளும் பெரியவர்களும் களைத்திருக்கும் நேரம் அது. மூக்கு ஒழுகும் குழந்தையை எப்படித் துடைக்கிறார்கள் என்று பாருங்கள். சிலர் பின்னாலிருந்து வந்து, தலையைப் பிடித்து ஒரே இழுப்பாகத் துடைத்துவிட்டுப் போவார்கள். குழந்தை திடுக்கிட்டு அழும். சிலர் முன்னால் வந்து உட்கார்ந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "மூக்கைத் துடைச்சுக்கலாமா கண்ணு" என்று துணியைக் காட்டி, குழந்தை முகத்தை நீட்டும்வரை ஒரு நொடி பொறுத்துத் துடைப்பார்கள். இந்த இரண்டாவது ஆளைக் கண்டால் விடாதீர்கள்.

எத்தனை பிள்ளைகளுக்கு ஒருவர் என்பதையும் நீங்களே தலையை எண்ணித் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு வயதுக்குட்பட்டவர்கள் என்றால் ஒருவருக்கு மூன்று, மிஞ்சிப்போனால் நான்கு. ஒருவர் சாப்பிடப் போகும்போது அவர் இடத்தில் யார் நிற்கிறார் என்றும் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று, இதை எல்லாரிடமும் சொல்வேன்: தூங்கும் அறையைப் பார்க்காமல் வராதீர்கள். ஒரு வயதுவரை குழந்தையை மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். மெத்தை கெட்டியாக, சமமாக இருக்கணும். தலையணை, தளர்ந்த போர்வை, பொம்மை எதுவும் கூடாது. 1990களில் பிரிட்டன், அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளில் இதைப் பிரச்சாரமாகவே செய்தார்கள். தூக்கத்தில் திடீரென நேரும் சிசு மரணங்கள் பாதிக்கும் மேல் குறைந்தன. வீட்டில் மல்லாந்து தூங்கிப் பழகிய குழந்தையைப் புது இடத்தில் குப்புறப் போட்டால் ஆபத்து இன்னும் அதிகம்.

கேள்வி: ஒன்றரை வயதுப் பையன். ஏபிசிடி, எண்கள் சொல்லித்தரும் இடமாகப் பார்க்கவா?

பதில்: வேண்டாம். அவனோடு தரையில் உட்கார்ந்து பேசும் ஆள் இருக்கும் இடமாகப் பாருங்கள்.

கேள்வி: அடிக்கடி சளி, காய்ச்சல். டே கேர் மாற்றவா?

பதில்: முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். இடம் மாற்றுவதை அப்புறம் பார்க்கலாம். டயபர் மாற்றியதும் கை கழுவுகிறார்களா என்று மட்டும் இன்றே பாருங்கள்.

கேள்வி: கைபேசியில் நேரலையாகப் பார்க்கும் கேமரா உள்ள இடத்தைத்தான் எடுத்திருக்கிறேன். நல்ல முடிவுதானே?

பதில்: கேமராவுக்காக மட்டும் எடுத்தீர்கள் என்றால், இல்லை. அதில் பெரும்பாலும் குரல் கேட்காது. பணியாளரின் முதுகும் அழும் குழந்தையும்தான் தெரியும். சமாதானம் சொல்கிறாரா, திட்டுகிறாரா என்பது தெரியாது. அந்தப் படத்தை வேறு யாரெல்லாம் பார்க்க முடியும் என்று கேட்டீர்களா?

கேள்வி (அதே அப்பா): குழந்தைக்கு அடி விழுந்தால் ஆதாரம் வேண்டாமா? பேச்சு வராத பிள்ளை எப்படிச் சொல்லும்? உங்களுக்குக் காப்பகங்கள்மேல் பரிவு அதிகம் போல.

பதில்: ஆதாரம் வேண்டும், அதை ஒப்புக்கொள்கிறேன். பதிவு எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள், கேட்டால் காட்டுவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஆனால் அது அடி விழுந்த பிறகு உதவுவது. விழாமல் தடுப்பது வேறு: கதவில் கண்ணாடி, டயபர் மாற்றும் மூலை எல்லார் கண்ணிலும் படுவது, மூடிய அறையில் எந்தப் பெரியவரும் ஒரு குழந்தையோடு தனியாக இல்லாதது, பெற்றோர் எந்த நேரத்திலும் சொல்லாமல் உள்ளே வரலாம் என்ற விதி. இந்த நான்கும் இருக்கிறதா?

குறுக்கே ஒருவர்: நான் டே கேரில் வேலை பார்க்கிறேன் அக்கா. ஒரு பிள்ளையைத் தூக்கியதும் இன்னொரு பிள்ளையின் அம்மா கேமராவில் பார்த்துவிட்டு போன் செய்வார். போனை எடுத்துப் பேசும் நேரத்தில் இரண்டு பிள்ளைகளும் அழும்.

பதில்: பெற்றோர் எல்லாரும் இதைப் படிக்க வேண்டும். பார்த்ததும் கூப்பிடாதீர்கள். சந்தேகம் என்றால் கிளம்பி நேரில் போங்கள்.

கேள்வி (அதே அப்பா): கதவில் கண்ணாடி இருக்கிறது. சொல்லாமல் வந்தால் வாசலிலேயே நிற்கச் சொல்கிறார்கள்.

பதில்: அப்படியானால் வேறு இடம் பாருங்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

கேள்வி: டே கேரில் விட்டால் பிள்ளைக்கு அம்மாமேல் ஒட்டுதல் போய்விடும் என்கிறார் மாமியார். ராத்திரி தூக்கமே வரவில்லை.

பதில்: போகாதும்மா. அமெரிக்காவில் 1991-ல் தொடங்கிய ஓர் ஆய்வு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பிறந்ததிலிருந்து பல வருடம் பின்தொடர்ந்தது. காப்பகத்தில் இருந்ததால் மட்டும் அம்மாவோடு உள்ள பிணைப்பு கெடவில்லை. பிள்ளையின் அழுகையை அம்மா எப்படிப் புரிந்துகொண்டு பதில் தருகிறார் என்பதுதான் முக்கியமாக இருந்தது. வீடு திரும்பியதும் முதல் அரை மணி நேரம் எந்த வேலையும் தொடாமல் அவனோடு உட்காருங்கள். மாமியாரையும் ஒருநாள் காப்பகத்துக்கு அழைத்துப் போங்கள்.

கேள்வி: கேமரா இல்லாத டே கேர் பாதுகாப்பானதா?

பதில்: மேலே எழுதியிருக்கிறேன். படியுங்கள்.

கேள்வி: வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்ளும் ஆள் நல்லதா, டே கேரா?

பதில்: வீட்டில் ஒருவருக்கு ஒரு குழந்தை, அது பெரிய லாபம். ஆனால் அவரைக் கவனிக்க இன்னொரு கண் கிடையாது, அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் மாற்று ஆளும் இல்லை. முன்பு வேலை பார்த்த வீட்டில் "மறுபடியும் இவரை வைத்துக்கொள்வீர்களா?" என்று கேளுங்கள். உடனே பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: எந்த வயதில் சேர்ப்பது சரி?

பதில்: உங்களுக்கு எப்போது தேவையோ அப்போது. எட்டு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுவரை பிரிவுப் பயம் கூடுதலாக இருக்கும், அந்த வயதில் சேர்த்தால் பழக்க அதிக நாள் ஒதுக்குங்கள். இதே கேள்வியை அனுப்பிய மற்றவர்களுக்கும் இதுதான் பதில்.

கேள்வி: விட்டுவிட்டு வரும்போது கதறுகிறாள். கண்ணில் படாமல் நழுவி வந்துவிடவா?

பதில்: கூடாது. சொல்லிவிட்டு, முத்தம் கொடுத்துவிட்டு, நிற்காமல் கிளம்புங்கள். பதினைந்து நிமிடம் கழித்துப் பணியாளரிடம் நிலவரம் கேளுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் அதற்குள் விளையாடப் போயிருப்பார்கள். வாரக்கணக்காகியும் அடங்காவிட்டால், அல்லது ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டு மட்டும் ஒடுங்கினால், சும்மா விடாதீர்கள்.

கேள்வி: இடம் முடிவாகிவிட்டது. முதல் நாள் என்ன கொடுக்கணும்?

பதில்: குழந்தையை யாரெல்லாம் கூட்டிப்போகலாம் என்ற பட்டியல், அவர்கள் புகைப்படத்தோடு. பட்டியலில் இல்லாத ஒரு உறவினரை ஒருநாள் அனுப்பிப் பாருங்கள். குழந்தையை அவரிடம் கொடுக்காமல் உங்களுக்குப் போன் வர வேண்டும்.