வீட்டுப் பக்கத்துக் கலைக்கூடத்துக்கு எப்போது போவது?

கேள்வி: குளிர்காலம் வந்தால் ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. வேலை விட்டு வந்ததும் நானும் கணவரும் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்துவிடுகிறோம். சுற்றுலா போன ஊர்களில் எல்லாம் அருங்காட்சியகம் பார்த்திருக்கிறோம். வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் உள்ள கலைக்கூடத்துக்குள் ஒன்பது வருடமாக நுழைந்ததில்லை. அங்கே கச்சேரி, நாடகம் எல்லாம் நடக்கிறதாம். கூப்பிட்டால், "அதெல்லாம் நமக்குப் புரியாது, குளிர் வேற" என்கிறார். என்ன செய்யலாம்? அவர் வராவிட்டால் நான் தனியாகப் போகலாமா?
– ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி,

ஒன்பது வருடம் என்று படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். என் கணக்கு பதினொன்று. பக்கத்தில் இருப்பதை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று விட்டுவிடுகிறோம். வெளியூரில் என்றால் திரும்பிப் போகும் தேதி நம்மை விரட்டுகிறது.

அதற்காக, சுற்றுலாவில் பார்த்த மாதிரியே இங்கேயும் பார்க்கப் போனால் ஒரே நாளில் அலுத்துவிடும். கொடுத்த காசுக்கு எல்லா அறையையும் பார்த்தே தீருவது என்று கால் கடுக்க நடப்போமே, அது இங்கே வேண்டாம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களைக் கவனித்து 2001இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஓர் ஓவியத்தின் முன் நின்றவர்களில் பாதிப் பேர் 17 விநாடிக்குள் நகர்ந்துவிட்டார்களாம். பக்கத்திலேயே இருப்பவருக்கு அந்த அவசரம் எதற்கு? மிச்சம் வைத்துவிட்டு வரலாம். நாற்பது நிமிடம், ஒரே அறை, முடிந்தால் ஒரே படம். அடுத்த வாரம் மறுபடி.

"ஒரு படத்துக்காகவா இந்தக் குளிரில் போவது?" என்பார் உங்கள் கணவர். லண்டனில் போயிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்குப் பயந்து நேஷனல் கேலரியின் ஓவியங்களை வேல்ஸுக்கு அனுப்பி, பிறகு அங்கே ஒரு கல்சுரங்கத்துக்குள் வைத்துக் காத்தார்கள். வெறும் சுவரோடு நின்ற கட்டடத்தில் 1939 அக்டோபரில் பியானோ கலைஞர் மைரா ஹெஸ் மதிய நேரக் கச்சேரிகளைத் தொடங்கினார். கட்டணம் ஒரு ஷில்லிங். சாப்பாட்டு இடைவேளையில் வந்து கேட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிவிடலாம். 1946 வரை 1,698 கச்சேரிகள் நடந்தன. 1942இல் சுரங்கத்திலிருந்து ஓவியங்களை ஒவ்வொன்றாக எடுத்துவந்து, மாதத்துக்கு ஒன்று என்று மாட்டினார்கள். அந்த ஒன்றைப் பார்க்கவும் கூட்டம் வந்தது.

சரி, குளிருக்கு வருவோம். வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றிவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். வேலையிலிருந்து நேராகப் போங்கள். கணவரைக் கலைக்கூட வாசலுக்கே வரச் சொல்லுங்கள். பல இடங்களில் வாரத்தில் ஒரு நாள் மாலையில் கூடுதல் நேரம் திறந்திருப்பார்கள், விசாரித்துக்கொள்ளுங்கள். கனத்த கோட்டை நுழைவிலேயே கொடுத்துவிடுங்கள். உள்ளே வியர்த்துக்கொண்டு நிற்பவருக்கு எந்த ஓவியமும் பிடிக்காது. நீர்வண்ண ஓவியமும் பழைய துணிகளும் உள்ள அறை மங்கலாக இருந்தால் மின்சாரச் சிக்கனம் என்று நினைக்காதீர்கள். சாயம் வெளுத்துவிடும் என்பதால் அங்கே வெளிச்சத்தை 50 லக்ஸ் அளவில் வைப்பது வழக்கம். கொஞ்ச நேரம் சும்மா நின்றால் கண் பழகிவிடும்.

விடுமுறை நாளில் வெயில் எட்டிப்பார்த்தால் உள்ளே போகவே வேண்டாம். குளிர்காலச் சூரியன் வானத்தில் தாழ்வாக நிற்கும். கோடையில் தட்டையாகத் தெரிந்த கல்வெட்டும் புடைப்புச் சிற்பமும் அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் எழுந்து நிற்கும். ஓவியங்களைப் பழுதுபார்ப்பவர்கள் பக்கவாட்டில் விளக்கடித்துத் தூரிகைத் தடம் தேடுவதும் இதே உத்திதான். மரங்கள் இலையுதிர்த்து நிற்கும் இடமாக இருந்தால், பழைய கட்டடங்களின் மேல்மாடி வேலைப்பாடும் இப்போதுதான் கண்ணில் படும்.

'புரியாது' என்பதற்கு என் மருந்து, ஒத்திகை. உள்ளூர்ச் சேர்ந்திசைக் குழுவிடமோ நாடகக் குழுவிடமோ பணிவாகக் கேட்டால், பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்க விடுவார்கள். அதே இரண்டு வரியை ஆறு தடவை நிறுத்தி நிறுத்திப் பாடவைப்பார்கள். நாலாவது தடவையில் நம் காதுக்கே தப்பு எது என்று பிடிபட ஆரம்பிக்கும். மேடையேறும் நாளில் இந்தத் தையல் எதுவும் தெரியாது. இசைக் கல்லூரி பக்கத்தில் இருந்தால் மாணவர் கச்சேரிகளுக்கும் போங்கள். பெரும்பாலும் இலவசம், அவர்களுக்கும் கேட்க ஆள் வேண்டும். ஓவியக்கூடத்தில் விளக்க அட்டையைப் படித்துக்காட்டாமல், "இதில் எதை நம்ம ஹாலில் மாட்டலாம்?" என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் இந்த விளையாட்டு ஒருமுறை சண்டையில் முடிந்தது. ஆனால் நாங்கள் இருவரும் ஒரு படத்தை அதிக நேரம் பார்த்தது அன்றைக்குத்தான்.

உடம்புக்கு நல்லது என்று சொல்லி மட்டும் கூப்பிடாதீர்கள். இங்கிலாந்தில் 50 வயது தாண்டியவர்களை 14 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2019இல் வெளியான ஆய்வில், கலை நிகழ்ச்சிகளுக்குப் போகிறவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது உண்மை. கலைதான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. அப்புறம், கஷாயம் நீட்டுவது போல நீட்டினால் யார்தான் வருவார்கள்?

தனியாகப் போகலாமா என்றால், தாராளமாக. முதல் இரண்டு வாரம் தனியாகவே போங்கள் என்றுகூடச் சொல்வேன். திரும்பி வந்து ஆஹா ஓஹோ என்று வர்ணிக்க வேண்டாம். அவருக்குத் தெரிந்த விஷயத்தில் ஒரு சந்தேகத்தை மட்டும் கொண்டுவாருங்கள். "அந்தப் படத்தில் படகு ஒரு பக்கம் சாயுது, கொடி வேற பக்கம் பறக்குது. அப்படி நடக்குமா?" மூன்றாவது வாரம் அதைப் பார்க்கவாவது கிளம்புவார். அதற்குள் பெஞ்சு எங்கே இருக்கிறது, ஹீட்டர் எந்த மூலையில் இருக்கிறது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.