ஓதத் தெரியும், அரபுச் செய்தி வாசிக்க முடியுமா?

கேள்வி: அக்கரைப்பற்றில் இருந்து ஊடகக் கற்கை படிக்கிறேன். சின்ன வயதில் மத்ரஸாவில் குர்ஆன் ஓதப் பழகினேன். ஆறு மாத அரபு வகுப்பு ஒன்றுக்குக் காசு கட்டலாமா? செய்தித்துறையில் அதனால் பலன் உண்டா?

பதில்: பலன் நிச்சயம் உண்டு, தங்கச்சி. ஆனால் காசு கட்ட முதல், அங்கே என்ன படிப்பிக்கிறார்கள் என்று விசாரியுங்கள். பேச்சு அரபு நாட்டுக்கு நாடு மாறும். பத்திரிகைக்கும் செய்தி அறிக்கைக்கும் எல்லா அரபு நாடுகளிலும் ஃபுஸ்ஹா எனும் எழுத்து வழக்குத்தான். உங்களுக்கு முதலில் வேண்டியது அதுதான்.

எழுத்துக் கூட்டத் தெரிந்திருப்பது பெரிய முதல். ஒரு சிக்கல் என்னவென்றால், குர்ஆனில் ஹரகத், அதாவது உயிரொலியைக் காட்டும் குறி, போட்டிருக்கும், பத்திரிகையில் இருக்காது. காஃப், தா, லாம் என்ற மூன்று எழுத்துகளை எடுங்கள். 'கதல' என்று வாசித்தால் கொன்றான். 'குதில' என்று வாசித்தால் கொல்லப்பட்டான். அச்சில் இரண்டும் ஒன்றுதான். வசனம் முழுவதையும் பார்த்தே பிரிக்க வேண்டும். கூகுள் மொழிபெயர்ப்பு பெரும்பாலும் சரியாகவே தரும். தவறுகிற அன்றைக்கு, கொன்றவனையும் செத்தவனையும் மாற்றிப் போட்ட செய்தி உங்கள் பெயரில் போகும். இதைத்தான் நான் எல்லா மாணவர்களுக்கும் முதலில் சொல்வேன்.

இலக்கங்களிலும் கவனம் வேண்டும். வளைகுடாப் பத்திரிகைகள் பலவற்றில் ஐந்து நம்முடைய பூச்சியம் போல வட்டமாக இருக்கும், பூச்சியம் வெறும் புள்ளி. மாதப் பெயரும் அப்படித்தான்: எகிப்தில் 'நூஃபம்பர்' என்பதை சிரியாவிலும் ஈராக்கிலும் 'திஷ்ரீன் அஸ்ஸானி' என்பார்கள்.

இது வெளிநாட்டுச் செய்திக்கு மட்டும் உதவுகிற படிப்பு என்று நினைக்க வேண்டாம். நம் கரையோர ஊர்களில் எத்தனையோ வீட்டு அடுப்பு வளைகுடாச் சம்பளத்தில்தான் எரிகிறது. வதிவிட அனுமதி, பொதுமன்னிப்புக் காலம் பற்றியெல்லாம் வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு சுற்றும்போது, சவூதியின் 'வாஸ்', குவைத்தின் 'கூனா' போன்ற அரச செய்தி நிறுவனங்களின் அரபுப் பக்கத்தைத் திறந்து பார்த்து, "அப்படி ஓர் அறிவிப்பு இல்லை" என்று சொல்லக்கூடிய நிருபர் நமக்கு வேண்டும்.

ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியக் கற்கைகளுக்கும் அரபு மொழிக்குமான பீடம் இருக்கிறது; அங்கு படித்தவர்களிடம் வகுப்பைப் பற்றிக் கேளுங்கள். ஹரகத் இல்லாத செய்தி ஒன்றை அச்செடுத்துக்கொண்டு போய், ஆறு மாதத்தில் இதை நானாக வாசிப்பேனா என்று ஆசிரியரிடமும் கேளுங்கள். பாடத்திட்டத்தில் பத்திரிகை வாசிப்பே இல்லை என்றால் வேறு வகுப்புப் பாருங்கள்.