கணவர் வேண்டாம் என்று விட்ட பல் காப்புறுதி

ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவர் வேலை செய்யும் இடத்தில் பல் காப்புறுதி உண்டு, சம்பளத்தில் வெட்டுகிறார்கள் என்று அவர் வேண்டாமென எழுதிக் கொடுத்துவிட்டார். இருவரின் வருமானமும் சேர்த்து 62,000 டொலர். கனடா அரசின் பல் பராமரிப்புத் திட்டத்துக்குத் தாங்களும், கூட இருக்கும் 71 வயது அம்மாவும் விண்ணப்பிக்கலாமா என்று கேட்கிறார். தெரிந்த ஒருவர் காசு தந்தால் தானே நிரப்பித் தருகிறேன், "காப்புறுதி இல்லை" என்று போட்டால் சரி என்கிறாராம்.

அம்மா விண்ணப்பிக்கலாம். கணவருக்குக் கிடைக்காது. உங்களுக்கும் பெரும்பாலும் இல்லை.

வருமானம் 90,000க்குக் கீழே இருந்தால் போதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வேலையிடத்துக் காப்புறுதியை எடுக்க வழி இருந்தாலே, எடுத்தீர்களோ விட்டீர்களோ, இருக்கிறது என்றுதான் கணக்கு. காப்புறுதியே இல்லாத வேலையில் 85,000 உழைக்கும் குடும்பத்துக்குப் பல் செலவில் 40 வீதத்தை அரசு கட்டுகிறது, 62,000 உழைத்து வாடகைக்கே திண்டாடும் உங்களுக்கு ஒன்றும் இல்லை. இது அநியாயம். ஒட்டாவா இதை எப்போதோ திருத்தியிருக்க வேண்டும்.

பெரும்பாலும் என்று ஏன் சொன்னேன் என்றால், கணவரின் ரி4 படிவத்தில், அதாவது வேலையிடம் வருடாவருடம் தரும் சம்பள வரிச் சீட்டில், 45ஆம் பெட்டியைப் பாருங்கள். 3 அல்லது 4 என்றிருந்தால் அவருடைய காப்புறுதியில் உங்களுக்கும் இடம் உண்டு, கதை முடிந்தது. 2 என்றிருந்தால் அது அவருக்கு மட்டும்தான். அப்போது உங்கள் வேலையிலும் ஒன்றும் இல்லையென்றால் நீங்கள் தனியாக விண்ணப்பிக்கலாம். அவருக்கே தரவில்லை, எனக்கு எங்கே தரப்போகிறார்கள் என்று நிறையப் பெண்கள் விட்டுவிடுகிறார்கள், விடாதீர்கள். படிவம் காட்டுவது டிசம்பர் 31 நிலவரம், அதன்பின் வேலை மாறியிருந்தால் இப்போதைய நிலைமைதான் முக்கியம்.

அந்தத் "தெரிந்தவர்" பக்கமே போகாதீர்கள். விண்ணப்பம் இலவசம். 45ஆம் பெட்டியில் உள்ளது ஏற்கெனவே வருமான வரித் திணைக்களத்திடம் இருக்கிறது, அதற்கு மாறாக நீங்கள் எழுதினால் பிடிபடுவது நீங்கள்தான், திருப்பிக் கட்டுவதும் நீங்கள்தான், அவர் அப்போது தொலைபேசியே எடுக்கமாட்டார். சின் இலக்கத்தையும் (சமூகக் காப்புறுதி எண்) கொடுத்துவிட்டு நிற்பீர்கள்.

அம்மாவுக்கு உங்கள் வருமானத்தைச் சேர்க்கமாட்டார்கள், அவருடையதும் அப்பா இருந்தால் அவருடையதும்தான். வருமானமே இல்லாவிட்டாலும் அவர் வரி தாக்கல் செய்திருக்க வேண்டும், இங்கேதான் பலருக்குத் தடைபடுகிறது. அனுமதி கிடைத்ததும் பல் வைத்தியரிடம், "திட்டம் தருவதற்கு மேல் நாங்கள் எவ்வளவு கட்ட வேண்டும்?" என்று கதிரையில் இருக்கும் முன்பே கேளுங்கள், முழுக்க இலவசம் என்ற விளம்பரத்தை நம்பவேண்டாம். முழுப்பணத்தையும் கையால் கட்டிவிட்டுப் பிறகு இந்தத் திட்டத்தை அரசுக்காக நடத்தும் சன் லைஃப் நிறுவனத்திடம் வாங்கலாம் என்றும் நினைக்காதீர்கள், அவர்கள் வைத்தியருக்குத்தான் கட்டுவார்கள். அனுமதிக் கடிதத்தில் போட்டிருக்கும் தொடக்கத் திகதிக்கு ஒரு நாள் முந்திப் பல்லுப் பிடுங்கினாலும் அந்தச் செலவு உங்களுடையதுதான்.