மஸ்டாங்குக்கு டயர் வாங்குவதற்கு முன்

வணக்கம். மஸ்டாங் ஜிடியில் ஆட்டோகிராஸ் (மைதானத்தில் கூம்புகளை வைத்து, அவற்றிடையே காரை ஓட்டி நேரம் பார்க்கும் போட்டி) ஓட்டும்போது கூம்புகளைச் சுற்றுகையில் முன்சக்கரங்கள் வழுக்குவதாகவும், ட்ரெட்வேர் (டயரின் தேய்மான எண்; குறைந்த எண் என்றால் பொதுவாகப் பிடிப்பு அதிகம், ஆனால் சீக்கிரம் தேயும்) 100 உள்ள டயர் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அதே காரைக் காட்பாடியிலிருந்து வேலூருக்கு அன்றாடம் ஓட்டுவதால், பக்கச்சுவரில் 200 என்று பொறித்த டயரே தங்களுக்குப் பொருந்தும். அமெரிக்காவில் இப்போட்டிகளை நடத்தும் எஸ்சிசிஏ அமைப்பும் தெருக்கார் வகுப்புகளுக்கு அதையே குறைந்தபட்சமாக வைத்திருக்கிறது. இந்த எண்ணை ஒவ்வொரு நிறுவனமும் தானே சோதித்துப் போடுவதால், இரு நிறுவனங்களின் 200 ஒரே பிடிப்பைத் தரும் என்று எண்ணிவிடாதீர்கள்.

ஆனால், பணம் போடுமுன் காற்றழுத்தத்தைப் பாருங்கள். முன்டயரின் தோளில் (தரையைத் தொடும் பகுதியும் பக்கச்சுவரும் சேரும் விளிம்பில்) உள்ள சிறு முக்கோணக் குறிக்குக் குறுக்கே சாக்பீஸால் கோடு போட்டு ஒருமுறை ஓட்டினால், கோடு முக்கோணத்தையும் தாண்டி அழிந்திருப்பின் காற்று குறைவு. முக்கோணத்தை எட்டாமலே நின்றிருப்பின் அதிகம். நம்மூர் வெயிலில் தரையே கொதிப்பதால், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்பும் மறுபடி அளந்து, ஏறிய அழுத்தத்தை இறக்கிவிடுங்கள்.