புரட்டி முடித்த புத்தகம்

கேள்வி: பேத்தி ஒரு கிராஃபிக் நாவல் கொடுத்தாள். ஈரானியப் பெண் மர்ஜான் சத்ரபியின் ‘பெர்செபோலிஸ்’. அரை மணி நேரத்தில் புரட்டி முடித்துவிட்டேன். “படத்துல எவ்வளவு உத்தி இருக்கு, கவனிச்சீங்களா தாத்தா?” என்கிறாள். எனக்கு எல்லாம் கறுப்பு வெள்ளைப் படமாகத்தான் தெரிந்தது. உத்தியை எப்படி அடையாளம் காண்பது?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: ‘புரட்டி முடித்துவிட்டேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன், ஐயா.

மீனை மசாலாவில் புரட்டி வைக்கலாம். கல்யாணச் செலவுக்குப் பணம் புரட்டலாம். பஸ்ஸில் ஏறினால் சிலருக்கு வயிற்றைப் புரட்டும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் நம் கடலூரைப் புரட்டிப் போட்டதே, பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல் இன்னும் வலிக்கும். இல்லாததை இருப்பதாகச் சொன்னால் அதற்கும் பெயர் புரட்டு. இவ்வளவு வேலை பார்க்கிற சொல்லைப் புத்தகத்துக்கும் வைத்திருக்கிறோம். ஆனால் முந்நூறு பக்க உரைநடை நாவலை அரை மணியில் புரட்டிவிட்டு ‘முடித்துவிட்டேன்’ என்று யாராவது சொல்வார்களா? படம் போட்ட புத்தகம் என்றால் மட்டும் சொல்கிறோம். இதில் எனக்குத் தீராத கோபம் உண்டு. அது உங்கள் மேல் இல்லை. நம் எல்லோரையும் அப்படிப் பழக்கியவர்கள் மேல்.

சரி, அந்தப் புரட்டலிலிருந்தே தொடங்குவோம். நீங்கள் தேடும் முதல் உத்தி அங்கேதான் இருக்கிறது. உங்கள் விரல் தாளின் மூலைக்கு எப்போது போகும் என்பது வரைகிறவருக்குத் தெரியும். வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் (கோடு போட்டு அடைத்த ஒவ்வொரு படத்தையும்தான் கட்டம் என்கிறேன்) ஒருவன் கதவைத் திறந்து திகைத்து நிற்பான். அவன் பார்த்தது என்ன என்பது தாளுக்குப் பின்னால் இருக்கும். டின்டின் கதைகளை வரைந்த பெல்ஜியத்துக்காரர் எர்ஜே பத்திரிகைத் தொடர்களில் வளர்ந்தவர். ஒவ்வொரு தவணையின் கடைசிக் கட்டத்திலும் ஒரு முடிச்சு போட்டுவிட்டுப் போவார். நமக்கு இது புதிதா என்ன? 1960 முதல் தினத்தந்தியில் கன்னித்தீவு அதைத்தானே செய்தது! சிந்துபாத் மாட்டிக்கொண்டு நிற்பான். மிச்சத்துக்கு மறுநாள் பேப்பர் வர வேண்டும்.

ஜப்பானியப் படக்கதைகள் வலமிருந்து இடமாகப் போகும். முதலில் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர்களில் பலர் பக்கத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போட்டு அச்சடித்தார்கள். விளைவு, இடது இடுப்பில் வாள் செருகிய சாமுராய்களுக்கு வாள் வலது இடுப்புக்குப் போனது, ஊரே இடதுகைக்காரர்களாகிவிட்டது. திசை மாறினால் அர்த்தமும் மாறும். நம் கண் இடமிருந்து வலமாக ஓடுகிறது. அதே திசையில் ஓடுகிறவன் முன்னேறுகிறவனாகத் தெரிவான். எதிர்த்திசையில் வருகிறவன் வழிமறிக்கிறவனாகத் தெரிவான். அடுத்த முறை ஒரு துரத்தல் காட்சி வந்தால் யார் எந்தப் பக்கம் ஓடுகிறார் என்று மட்டும் பாருங்கள்.

அப்புறம், கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே விடும் வெள்ளை இடம். இதற்கு நான் வைத்திருக்கும் பெயர் சந்து. ஆங்கிலத்தில் இதற்குப் பெயர் gutter. அதை அகராதியில் பார்த்து ‘சாக்கடை’ என்று எழுதிய கட்டுரை ஒன்று முன்பு நமக்கு வந்தது. நான் ‘சந்து’ என்று திருத்திப் போட்டேன். எழுதியவர் கோபித்துக்கொண்டு மூன்று கடிதம் போட்டார். இன்றைக்கும் சொல்கிறேன், சந்துதான் சரி. மஞ்சக்குப்பத்தில் சந்தை ஒட்டிய வீட்டில் இருந்தவன் நான். பக்கத்து வீட்டில் பாத்திரம் விழும் சத்தம் கேட்கும், கொஞ்ச நேரத்தில் விளக்கு அணையும். நடுவில் என்ன நடந்தது என்பதைச் சந்தில் நிற்கிறவன்தான் தன் மனதில் நடத்திப் பார்க்க வேண்டும். அமெரிக்கப் படக்கதைக்காரர் ஸ்காட் மெக்ளவுட், படக்கதை எப்படி வேலை செய்கிறது என்று விளக்கி 1993-ல் வெளியிட்ட புத்தகத்தில் இதையே இரண்டு கட்டங்களில் காட்டினார். ஒன்றில் ஓங்கிய கோடரி. அடுத்ததில் இரவு நகரமும் ஓர் அலறலும். வெட்டு எங்கும் வரையப்படவில்லை. வெட்டியது நீங்கள்தான் என்கிறார். கன்னித்தீவின் சந்து ஒரு நாள் நீளம்.

உங்கள் பேத்தி கொடுத்த புத்தகத்துக்கு வருகிறேன். முதல் பக்கத்தில், முதல் கட்டத்தில் பத்து வயது மர்ஜி (சிறுவயது சத்ரபிதான்) முக்காடு போட்டுத் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். ஆண்டு 1980. பக்கத்துக் கட்டம் வகுப்புப் புகைப்படம். ‘நான் இடது ஓரத்தில் இருக்கிறேன், அதனால் தெரிய மாட்டேன்’ என்கிறாள். கட்டத்தின் கோடு அவளை வெட்டிவிட்டது. ஒரே மாதிரி முக்காட்டுக்குள் ஒரு பெண் காணாமல் போவதைச் சொல்ல சத்ரபிக்கு ஒரு கோடு போதுமாக இருந்தது.

அந்தப் புத்தகத்தில் எனக்குத் தூக்கம் கெட்ட பக்கம் வேறு. ஈராக்கோடு போர் நடக்கும் காலம். அத்தியாயத்தின் பெயர் ‘சாவி’. ஏழை வீட்டுப் பையன்களுக்குப் பள்ளியில் தங்க நிறம் பூசிய பிளாஸ்டிக் சாவி கொடுக்கிறார்கள். போரில் செத்தால் சொர்க்கத்தைத் திறக்க. அத்தியாயம் முடியும் பக்கத்தில் மேலே பெரிய கட்டம். கண்ணிவெடி தூக்கியெறிந்த சிறுவர்கள். கண், மூக்கு எதுவும் இல்லை, முழுக் கறுப்பு உருவங்கள். கழுத்தில் அந்தச் சாவி. அதற்குக் கீழே சின்னக் கட்டம். மர்ஜி தன் முதல் பார்ட்டியில் ஆடுகிறாள். குதிக்கும் பிள்ளைகளின் கைகால்கள் மேலே சிதறிய உடல்களைப் போலவே விரிந்திருக்கின்றன. அவள் கழுத்தில் சங்கிலியும் ஆணிகளும். ஸ்வெட்டர் எங்கும் ஓட்டை, நாகரிகத்துக்காக அம்மா பின்னிக் கொடுத்தது. எழுத்தில் எந்த ஒப்பீடும் கிடையாது. பணக்கார வீட்டுப் பிள்ளை ஆடும்போது ஏழை வீட்டுப் பிள்ளை சாகிறது என்று அவர் ஒரு வரி எழுதியிருந்தால் பக்கம் செத்துப்போயிருக்கும். இரண்டு கட்டத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார், அளவை மாற்றினார், உடல்களை ஒரே வாகில் நிறுத்தினார். சாம்பல் நிறம் ஒரு துளி இல்லாமல் அத்தனையும் கறுப்பும் வெள்ளையுமாக இருப்பதால்தான் அந்த ஒற்றுமை பளிச்சென்று தெரிகிறது.

இதையெல்லாம் நான் ஒரு சொல்தா வீட்டில் கற்றுக்கொண்டேன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவரைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வார்கள். குருசுக்குப்பத்தில் அவர் வீட்டு அலமாரியில் கெட்டி அட்டை போட்ட பிரெஞ்சு ஆல்பங்கள் வரிசையாக இருக்கும். அந்த நாட்டில் படக்கதையை ஒன்பதாவது கலை என்கிறார்கள் என்று அவர்தான் சொன்னார். எனக்குப் பிரெஞ்சு ஒரு எழுத்து தெரியாது. அதனால் படத்தை விட்டால் வழியில்லை. ஒருவன் பொய் சொல்கிறான் என்பதை நிழல் விழும் பக்கத்தை வைத்துக் கண்டுபிடித்தேன். நேரம் போனதை மேஜைமேல் குறைந்துகொண்டே வரும் மெழுகுவர்த்தியில் கண்டேன். நீங்களும் பேச்சுக்குமிழ்களின்மேல் துண்டுக் காகிதம் வைத்து ஒரு அத்தியாயம் பார்க்கலாம்.

குமிழ் என்றதும் என் பழைய வழக்கு ஞாபகம் வருகிறது. நம் மொழிபெயர்ப்புகளில் குமிழுக்குள் எழுத்தை ஏன் இப்படித் திணிக்கிறார்கள்? தமிழ்ச் சொல் நீளம் என்பது தெரிந்ததுதானே? முனகலும் அலறலும் ஒரே கணினி எழுத்தில், ஒரே அளவில்! எழுத்தின் அளவே குரல் என்று பத்து வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். இன்னொன்றும் உண்டு. நான் போகும் நூலகம் ஒன்றில் நீங்கள் புரட்டிய இதே புத்தகத்தைக் குழந்தைகள் பிரிவில், அணில் ஆடு படப்புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். இந்தப் பகுதியில் மூன்று முறை எழுதிவிட்டேன். இன்னும் அங்கேயே இருக்கிறது.

பேத்தியிடம் இன்னும் இரண்டு நாள் தவணை கேளுங்கள். ‘சாவி’ அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, கீழ்க்கட்டத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு மேல்கட்டத்தைப் பாருங்கள். அப்புறம் கையை மெதுவாக எடுங்கள்.