பொட்டாசியம் 5.8: முதலில் ரத்தத்தை மறுபடி கொடுங்கள்

கேள்வி: எனக்கு 54 வயது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டனும் சாப்பிடுகிறேன். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்த லேபின் அறிக்கையில் பொட்டாசியம் 5.8 என்று சிவப்பில் போட்டிருக்கிறார்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 0.9. இதயம் நின்றுவிடும் என்கிறார் உறவினர். பொட்டாசியம் நிறைய இருக்கும் என்று இளநீரை விட்டுவிட்டேன். மாத்திரையையும் விடவா?

பதில்: மாத்திரையை நீங்களாக விடாதீர்கள் அம்மா. இன்றோ நாளையோ மறுபடி ரத்தம் கொடுங்கள். கூடவே ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். படபடப்பு, மயக்கம், கை கால் தளர்ச்சி இருந்தால் மறுபரிசோதனைக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

சந்தேகம் எனக்கு அந்த ரத்தத்தின் மேல்தான். உடலின் பொட்டாசியத்தில் ஏறக்குறைய 98 சதவீதம் செல்களுக்குள் இருக்கிறது. வெளியே, நாம் அளக்கும் இடத்தில், லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரைதான் இருக்க வேண்டும். சிவப்பணுக்கள் கொஞ்சம் உடைந்தாலும் உள்ளே இருப்பது வெளியே கொட்டி எண் ஏறிவிடும். விடியற்காலையில் உங்கள் வீட்டில் எடுத்த குழாய் இன்னும் ஏழெட்டு வீடு சுற்றி, வண்டிப் பையில் குலுங்கி, மதியம் லேபுக்குப் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? கையை இறுகக் கட்டி, விரல்களை மடக்கி மடக்கி விரிக்கச் சொன்னாலும் எண் கூடும். இம்முறை லேபுக்கே நேரில் போங்கள். ரத்தத்தை உடனே சுழற்றிப் பிரிக்கும் இயந்திரம் அங்கேயே இருக்கிறதா என்று கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

எண்பது பரிசோதனை ஒரே விலையில் என்று விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். எண்பது பார்த்தால் நாலைந்து சிவப்பில் வரத்தான் செய்யும். மறுநாளே போன் வரும்: தாதுச் சமநிலை கெட்டிருக்கிறது, தலைமுடி பரிசோதனை எடுங்கள், இதயத்துக்கு மக்னீசியப் பொடி வாங்குங்கள் என்று. வாங்காதீர்கள். லேபுகளுக்கு என்.ஏ.பி.எல். என்ற தேசிய அங்கீகார வாரியத்தின் தரச்சான்று இன்னமும் விருப்பம்போல வாங்கிக்கொள்ளும் சங்கதியாகவே இருக்கிறது. இட்லிக் கடைக்குக்கூட உரிமம் கேட்கிற நாட்டில்!

ஒன்றை மட்டும் அழுத்திக் கேட்கிறேன். உங்கள் சமையலறையில் 'சோடியம் குறைந்த உப்பு' இருக்கிறதா? அதில் குறைத்த சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் நல்ல பொருள்தான். உலக சுகாதார நிறுவனமே 2025-இல் அதைப் பரிந்துரைத்தது, ஆனால் சிறுநீரக நோயாளிகளை விலக்கிவிட்டு. டெல்மிசார்ட்டனோ சிறுநீரில் பொட்டாசியம் வெளியேறுவதைக் குறைக்கிற மாத்திரை. பொட்டாசியம் உள்ளே வருவது கூடுகிறது, வெளியே போவது குறைகிறது. நடுவில் சர்க்கரை நோயால் சிறுநீரகம் சத்தமில்லாமல் தளர்ந்திருந்தால் 5.8 உண்மையாகவே இருக்கலாம். கிரியாட்டினின் 0.9 என்று நிம்மதி அடைய வேண்டாம், சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகத்தைச் சொல்லும் ஈ.ஜி.எஃப்.ஆர். எண்ணையும், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்பதையும் பாருங்கள். முடிவு வரும்வரை சாதா உப்பையே அளவாகப் போடுங்கள். மூட்டு வலிக்கு நீங்களாக வாங்கும் வலி மாத்திரையும் பொட்டாசியத்தை ஏற்றிவிடும்.

மறுபரிசோதனையிலும் எண் 5.5-க்கு மேல் நின்றால், அன்றே அறிக்கையோடு உங்கள் மருத்துவரிடம் போங்கள். மாத்திரையின் அளவை அவர் மாற்றட்டும். 5-க்குள் இறங்கிவிட்டால் இளநீரைக் குடிக்கலாம். வாழைப்பழத்துக்கு உங்கள் சர்க்கரை அளவு அனுமதிக்க வேண்டும்.