திருடியதை யாருமே பார்க்கவில்லை என்றால் தண்டிக்க முடியுமா?

முடியும். நேரில் பார்த்தவர் இல்லாமல், சுற்றியுள்ள விவரங்கள் ஒருவரைக் காட்டுவதுதான் சூழ்நிலைச் சாட்சியம். உதாரணமாக, காலையில் தெரு நனைந்திருக்கிறது. மொட்டை மாடியும் நனைந்திருந்தால் மழைதான், தெரு மட்டும் என்றால் தண்ணீர் லாரி ஒழுகியிருக்கலாம். அந்த ‘லாரியாக இருக்கலாமே’ என்பதற்கு நியாயமான இடமிருந்தால் தண்டிக்கக் கூடாது, 1984இல் சரத் பிர்திசந்த் சர்தா என்ற கொலை வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கிய இந்த அளவுகோல்தான் திருட்டுக்கும்.

மேல்முறையீட்டில் சாட்சியத்தை மறுபடி அலசுவார்கள்: நகை திருட்டுப்போன சில நாளில் சிக்கியதா, பல மாதம் கழித்தா, மகஜரில் (நகையைக் கைப்பற்றியபோது போலீஸ் எழுதிய பதிவில்) கையெழுத்திட்ட சாட்சி பிறழ்ந்து, மாற்றிச் சொல்லிவிட்டாரா, உரிமையாளர் நகையைச் சரியாக அடையாளம் காட்டினாரா?

அப்புறம், திருட்டு நகை கையில் இருந்தாலே திருடன் என்று பலர் நினைக்கிறார்கள்; திருட்டு நடந்த கொஞ்ச நாளிலேயே சிக்கினால் சட்டம் அப்படி அனுமானிக்க ‘லாம்’ என்கிறதே தவிர, கட்டாயம் என்று சொல்லவில்லை.